டேப்புக்கு இந்தப் பக்கம்

அரூர் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு, நிறம் மங்கிய கார்களுக்கு மெஷின் பாலிஷ் போடுகிறவர் அவர். ஒடிசலான ஆள், புருவம் வரை வெள்ளைத் தூசி. வெயிலில் வெளுத்த என் சிவப்புக் காரை விற்பதற்கு முன்னால் அவரிடம் கொண்டுபோயிருந்தேன்.

பானெட்டின் நடுவே டேப் ஒட்டி, ஒரு பாதியை மட்டும் முதலில் தேய்ப்பது அவர் வழக்கம். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் வண்டிக்காரர்கள் நம்புவார்களாம். என் காரிலும் ஒரு பாதி புதுசு போல மின்னியது. மெஷினை நிறுத்திய பிறகும் அவர் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெளுத்த பாதிக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்.

“இவ்வளவு அழகாப் பண்ணிட்டு, வெளுத்த பக்கத்தயே பாத்துட்டு இருக்கறீங்களே?” என்றேன்.

“அது முடிஞ்சுபோச்சுங்க. எனக்கு மிச்சம் இருக்கறது இந்தப் பக்கந்தானுங்களே,” என்றார்.

சாயங்காலம் பானெட் முழுவதிலும் என் முகம் தெரிந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டலாமென்று திரும்பினேன். அவர் அதற்குள் ஸ்டூலை அடுத்த காரின் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். தேய்த்து முடித்த காரை உட்கார்ந்து பார்த்த நாள் ஒன்றாவது அவருக்கு உண்டா என்று யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.