பவர் சப்ளைக்கு வந்த மெமோ

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

எண்பதுகளின் நடுவில் ஏற்காட்டில் ஒரு சின்ன ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீசியனாக இருந்தேன். மண்ணையும் காப்பி இலையையும் சோதிக்கும் கருவிகள் என் பொறுப்பு. அவற்றுக்கு ஐந்து வோல்ட், பிளஸ் பன்னிரண்டு, மைனஸ் பன்னிரண்டு என்று மூன்றும் வேண்டும். அதற்காக மூன்று கனத்த பவர் சப்ளைகள் பாதி மேசையை அடைத்துக்கொண்டிருந்தன. மூன்றையும் ஒரே சின்னப் பெட்டிக்குள் அடக்குகிறேன் என்று நான்தான் முன்வந்தேன்.

காப்பிப் பழ சீசனில் எஸ்டேட் மோட்டார்கள் ஓடத் தொடங்கினால் எங்கள் மின்சார லைன் இருநூற்று முப்பதிலிருந்து நூற்றெழுபது வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அப்போதும் பன்னிரண்டு பன்னிரண்டாகவே வரவேண்டும். அதனால் டிரான்ஸ்ஃபார்மரைக் கொஞ்சம் கூடுதல் வோல்ட்டுக்குச் சுற்றச் சொல்லி, சேலத்திலிருந்து மடியில் வைத்தபடி பஸ்ஸில் மலையேறினேன். லைன் நன்றாக இருக்கும் நேரத்தில் அது கூடுதல் சூடு. அந்தச் சூடு போக, வோல்ட்டை நிலையாக வைக்கும் ரெகுலேட்டர்கள் மூன்றையும் பெட்டியின் பின்பக்க அலுமினியத் தகட்டிலேயே முடுக்கினேன். மைனஸ் ரெகுலேட்டரின் முதுகு மட்டும் தகட்டைத் தொட்டால் ஷார்ட். நடுவில் மின்சாரம் கடத்தாத மெல்லிய மைக்கா ஏடு ஒன்றை வைத்தேன். இரண்டு மாதம் ஒரு குறையில்லாமல் ஓடியது.

எங்கள் அதிகாரி அதைச் சேலத்தில் ஒரு கூட்டத்துக்கு, தாமே வடிவமைத்ததாகச் சொல்லிக் கொண்டுபோனார். போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். திரும்பி வந்தது கருகிய பெட்டி. மறுநாள் எனக்கு மெமோ: தவறான வடிவமைப்பால் இழப்பு, விளக்கம் தரவும்.

அட்டெண்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா, கூட்டத்துக்கு முந்தின நாளு ஐயா அதை ஊட்டுல கழட்டுனாருங்க. தகட்டைப் பளபளன்னு தொடச்சுட்டு வரச் சொல்லி எங்கிட்டத்தான் குடுத்தாரு. எம்பேரைச் சொல்லீராதீங்க, நொம்ப பயமா இருக்குது."

"உங்க பேரு வராதுங்க" என்றேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வந்தபோது, அதிகாரியையும் வைத்துக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். மைக்கா இல்லை. ஃப்யூஸ் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த செப்புக் கம்பி. என் வரைபடத்தை விரித்தேன்.

"மைக்கா இல்லாம ஷார்ட் ஆயிருக்கு சார். ஃப்யூஸ் போய்க் காப்பாத்தியிருக்கும். அதுக்குப் பதிலாக் கம்பியைப் போட்டதாலதான் டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சுது. இந்தக் கம்பி என் டிசைன்ல எங்க இருக்கு?"

"கூட்டத்துக்கு நேரமாயிருச்சு... அவசரத்துல..." என்று அதிகாரி இழுத்தார்.

இயக்குநர் சிரித்தார். "சரி விடுங்கம்மா. பெரிய மனுஷர். நீங்க இன்னொண்ணு பண்ணிக் குடுத்துடுங்க."

மெமோவைவிட அந்தச் சிரிப்புதான் என்னைக் கொதிக்க வைத்தது. பழி மட்டும் எழுத்தில், நியாயம் வாய்ப்பேச்சிலா?

"மெமோவை எழுத்துல வாபஸ் வாங்குங்க சார். அதுவரைக்கும் நான் இன்னொண்ணு செய்யமாட்டேன்" என்றேன். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

மூன்று வாரம் பழைய சப்ளைகளே மேசையில் கிடந்தன. மோட்டார் ஓடும்போதெல்லாம் அளவுகள் தாறுமாறாக வர, ஆய்வாளர்களே புகார் எழுதினார்கள். அதன் பிறகுதான் கடிதம் வந்தது. 'மெமோ ரத்து செய்யப்படுகிறது.' ஒரே வரி. வருத்தம் என்று ஒரு சொல் இல்லை.

இரண்டாவது பெட்டியைச் செய்து கொடுத்தேன். வரைபடத்தில் என் கையெழுத்தைப் போட்டு மூடியின் உள்ளே ஒட்டினேன். அடுத்த வருடம் அதிகாரி மாற்றலாகிப் போனபோது மாலையும் போட்டோவுமாக விழா நடந்தது. எல்லாரும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.