வான்கோழிக்கு ஒரு பொம்மைப் பெட்டை

என் மாமா எந்த நாளும் ஒன்பது மணிக்கு முன்னால் எழுந்தவர் இல்லை. அப்படிப்பட்டவர் ஒரு வசந்தத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தொடர்ந்து விடியற்காலை நாலரைக்கே எழுந்து, முகச்சவரம் செய்து, தலையைப் படிய வாரிக்கொண்டு வான்கோழி வேட்டைக்குப் புறப்பட்டார். எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் சொல்கிற காரணங்களை அப்படியே நம்புகிற வயது.

எழுபதுகளின் ஆரம்பம் அது. அப்பா ஜெர்மனியில், பான் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊருக்கு வெளியே, காட்டை ஒட்டிய ஒரு கிராமத்தில் மாடி வீட்டில் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரரும் அவர் மகளும். வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். மகள் நகரத்து நூலகத்தில் வேலை செய்தாள். எனக்குப் படப் புத்தகங்கள் கொண்டுவந்து தருவாள்.

எங்கள் காட்டில் வான்கோழிகள் இருந்தன. சில வருஷங்களுக்கு முன்னால் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து விட்டவையாம். வசந்தத்தில் சேவலை மட்டும் சுடலாம். வீட்டுக்காரரின் பங்கு வருஷத்துக்கு ஒன்று. மூன்று வருஷமாக அந்த ஒன்று அவருக்குக் கிடைக்கவில்லை. இடது கண்ணில் புரை விழுந்திருந்தது. இந்த வசந்தத்தோடு துப்பாக்கியைத் தலைமுழுகிவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இருட்டில் கார் ஓட்ட முடியாததால் மகள்தான் அவரைக் காட்டுக்கு அழைத்துப் போவாள்.

மாமா அம்மாவின் தம்பி. ஹனோவரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தார். ஈஸ்டர் விடுமுறைக்கு வந்தவர், பெட்டியோடு மாடி ஏறும்போது, எனக்குப் புத்தகம் கொடுத்துவிட்டு இறங்கி வந்த வீட்டுக்காரர் மகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி, பெட்டியைக் கடைசிப் படி வரை உருட்டிவிட்டார். அன்று இரவுச் சாப்பாட்டின்போது, தனக்கு வேட்டையில் ரொம்ப நாளாக ஆர்வம் என்றார்.

“உனக்கா? கரப்பான் பூச்சியப் பார்த்தாலே கட்டில் மேல ஏறுவியேப்பா” என்றார் அப்பா.

“இது சயின்டிஃபிக் இன்ட்ரஸ்ட், அத்தான். குழந்தையும் பார்க்கணும்னு ஆசைப்படுறா.”

நான் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொன்ன பிறகு ஆசை வந்துவிட்டது.

“உயிரைக் கொல்ற இடத்துக்குக் குழந்தைய கூட்டிட்டுப் போறியா?” என்றாள் அம்மா.

“மூணு வருஷமா அவர் ஒண்ணும் அடிக்கலைக்கா. பயப்படாதே.”

முதல் ஞாயிறு. புல்வெளியின் ஓரத்தில், கிளைகளைச் சாய்த்துக் கட்டிய மறைவுக்குள் நால்வரும் உட்கார்ந்தோம். முன்னால் வீட்டுக்காரர், பின்னால் மகள், மாமா, இருவருக்கும் நடுவில் நான். வீட்டுக்காரர் ஒரு சின்ன மரப்பெட்டியின் மூடியை உரசினார். பெட்டைக் கோழி கூப்பிடுவதுபோல ஒரு சத்தம். எதிர்ப்பக்கத்து மரத்திலிருந்து உடனே பதில் வந்தது, யாரோ வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு சிரிப்பதுபோல. கொஞ்ச நேரத்தில் சேவல் புல்வெளிக்கு இறங்கி வந்தது. அறுபது தப்படி தூரத்தில் நின்று, கழுத்தை நீட்டி அப்படியும் இப்படியும் பார்த்தது. கூப்பிட்டவளைக் காணோம். திரும்பிப் போய்விட்டது.

வீடு திரும்பும்போது மாமா ஜெர்மன் மொழியில் மிகுந்த மரியாதையோடு சொன்னார்: “குரல் கேட்கிறது, ஆள் இல்லை. அதற்குச் சந்தேகம் வராதா? ஒரு பொம்மைப் பெட்டையை நிறுத்தினால் என்ன?”

வீட்டுக்காரருக்கு அதில் இஷ்டமில்லை. பெட்டைதான் சேவலைத் தேடிப் போகும், அதுதான் இயற்கை என்றார். பொம்மையைக் கண்டால் சேவல் தூரத்திலேயே நின்றுகொண்டு, அவளே வரட்டும் என்று காத்திருக்கும். மறைவாக உட்கார்ந்து, கண்ணில் படாமல் கூப்பிட்டால்தான் தேடிக்கொண்டு கிட்டே வரும். ஆனால் மகள், “ஒரு தடவை செய்து பார்க்கலாமே, அப்பா” என்றாள். கிழவர் பொம்மைக்குச் சம்மதித்துவிட்டார்.

அடுத்த சனிக்கிழமை மாமா ஹனோவரிலிருந்து மறுபடி வந்து நின்றார். அம்மா கதவைத் திறந்து, “ஏண்டா, ஹனோவர்ல சண்டே கிடையாதா?” என்று கேட்டாள். கம்பி, பழைய செய்தித்தாள், பசை, அம்மாவின் பழுப்புக் கம்பளிச் சால்வை எல்லாம் சமையலறை மேஜையில் பரப்பப்பட்டன. வீட்டுக்காரர் மகள் பொம்மையின் தலைக்கு வர்ணம் பூச மாடிக்கு வந்தாள். ஒரு கோழித் தலைக்கு வர்ணம் பூச மூன்று மணி நேரம் பிடித்தது. மாமா கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த வேலைக்கு நான் போதும் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன்.

இரண்டாவது ஞாயிறு, பொம்மை புல்வெளி நடுவில் நின்றது. சேவல் வந்தது, பார்த்தது, அசந்துபோனது. வாலை விசிறிபோல விரித்து, இறக்கைகளைத் தரையில் உரசிக்கொண்டு ஆடியது. தலை சிவப்பானது, நீலமானது, வெள்ளையானது. ஆனால் அதே அறுபது தப்படி தூரத்தில். ஒரு மணி நேரம் ஆடிவிட்டு, அவள் ஓரடியும் எடுத்து வைக்காததால் மனம் ஒடிந்து போய்விட்டது. வீட்டுக்காரர் “சொன்னேனே” என்பதுபோலப் பின்னால் திரும்பிப் பார்த்தார். மாமாவும் அவர் மகளும் ஒரே பறவைப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது தலைகீழாக இருந்ததை நான்தான் திருத்தி வைத்தேன்.

மூன்றாவது ஞாயிறு. இதை விட்டால் இந்த வருஷத்துக்கு வாய்ப்பு இல்லை என்று வீட்டுக்காரர் சொல்லியிருந்தார். இந்த முறை பொம்மையை மறைவுக்குப் பத்தே தப்படி தூரத்தில் வைத்தார். சேவல் ஆடியது, நின்றது. பிறகு என்ன தோன்றியதோ, ஒவ்வோர் அடியாக நெருங்கி வந்தது. ஐம்பது, நாற்பது, முப்பது. துப்பாக்கி மெல்ல உயர்ந்தது. அப்போது ஒரு காற்று அடித்தது. பொம்மை தலைகுப்புறக் கவிழ்ந்து, சால்வை பறந்து, உள்ளே இருந்த செய்தித்தாள்கள் தெரிந்தன. சேவல் ஆடிய நிலையிலேயே, ஒரு கால் தூக்கியபடி உறைந்து நின்றது.

“ஐயோ பாவம், பேப்பர் படிக்கிறவ போலிருக்கு” என்று மாமா தமிழில் முணுமுணுத்து, உடனே ஜெர்மனிலும் சொன்னார். வீட்டுக்காரர் மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல்களின் இடுக்கு வழியாகச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மாமாவும் சிரித்தார். நானும் சிரித்தேன். சேவல் ஓடியது, பறந்தது, காட்டுக்குள் மறைந்தது.

எங்களுக்கு நல்ல திட்டு விழும் என்று நினைத்தேன். வீட்டுக்காரர் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் திரும்பி வெகுநேரம் பார்த்தார். சேவல் போன பக்கம் அல்ல, அந்த இருவரையும். சிரிப்பு நின்ற பிறகும் மாமாவின் கை அவள் தோளில் இருந்தது, விழாமல் பிடித்துக்கொள்வதுபோல.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வந்தபோது வீட்டுக்காரர் மாடிப்படியில் என்னை நிறுத்தினார்.

“உன் மாமாவிடம் ஒரு செய்தி சொல்வாயா? சேவல் தானாகவே வந்துகொண்டிருக்கும்போது நடுவில் பொம்மை எதற்கு என்று கேள். சனிக்கிழமை பொம்மையும் வேண்டாம், துணைக்கு நீயும் வேண்டாம். மாலை நாலு மணிக்கு அவர் எங்கள் வீட்டு மணியை அடித்தால் போதும். காப்பியும் கேக்கும் இருக்கும்.”

“நாலு மணிக்கு வான்கோழி வருமா?”

“வரும்” என்றார். “இந்த முறை யார் சிரித்தாலும் ஓடாது.”

சனிக்கிழமை மாமா வந்ததும், ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். மாமாவின் காதுகள் சேவலின் தலையைப்போலவே நிறம் மாறின. அப்பா செய்தித்தாளை முகத்துக்கு நேராக உயர்த்திக்கொண்டார். அம்மா மாமாவின் சட்டையைக் கழற்றச் சொல்லி வாங்கி, இஸ்திரி போட ஆரம்பித்தாள்.

என்னை அழைக்கவில்லை என்று எனக்குக் கோபம். இருந்தாலும் நாலு மணிக்கு மாடி ஜன்னலில் உட்கார்ந்து, புல்வெளியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே மணி அடித்தது. கதவு திறந்தது. கோப்பைகளின் சத்தம், மாமாவின் குரல், பிறகு மூன்று பேரும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்பு. வெளிச்சம் போகும்வரை பார்த்தேன். ஒரு வான்கோழியும் வரவில்லை.

பாவம் வீட்டுக்காரர், இந்த வருஷமும் ஏமாந்துவிட்டாரே என்று நினைத்துக்கொண்டே ஜன்னலைச் சாத்தினேன்.