கார்க்காரி வார்சினா

வார்சினாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. இந்தோனேசியாவின் செமாராங் நகரத்துச் சந்து முனையில் தெம்பே என்கிற சோயா வில்லைகளைப் பொரித்து விற்கிற அவளிடம் சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் அரசாங்கக் கணினியின்படி அவள் ஒரு வெள்ளைக் காருக்குச் சொந்தக்காரி.

கார் எதிர்வீட்டு ஹாஜி முஸ்தகீமுடையது. ஒரே பெயரில் கார்கள் கூடக்கூட வரியும் கூடும் என்பதால், அவளுடைய அடையாள அட்டையை இரவல் வாங்கி மூன்றாவது காரை அவள் பெயரில் பதிந்துகொண்டார். சந்தில் மிளகாய் இரவல் கேட்பதுபோல இதுவும் வழக்கம்தான். பெருநாளுக்கு அவளுக்கு ஒரு பிஸ்கட் டின் வந்தது.

கணினிக்கு பிஸ்கட் விவரம் தெரியாது. ஏழைகளைத் துல்லியமாகக் கண்டுபிடிக்கும் புதுத் திட்டம் வந்ததும், முதல் வேலையாக அவளைப் பணக்காரி ஆக்கி, இலவச மருத்துவ அட்டையை ரத்து செய்தது. அவள் புருஷன் சுகிமானுக்குச் செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். அதனால் என்ன, கார்க்காரி பார்த்துக்கொள்ள மாட்டாளா!

வார்டு அலுவலகத்துப் பெண் திரையைப் பார்த்தே பேசினாள்; அம்மா என்பதற்கு அங்கே 'இபு'. "இபு, சிஸ்டத்துல உங்களுக்கு கார் இருக்கே."

"என் செருப்பப் பாரும்மா."

"செருப்பைப் பதியறதுக்கு இதுல இடமில்லையே."

சரிபார்க்க ஒருவர் கைப்பேசியோடு வந்து வீட்டைப் படம் எடுத்தார். தன் வாசலில் இடமில்லாததால் ஹாஜி அந்தக் காரை அவள் வாசலில்தான் நிறுத்துவார். படத்தில் வீட்டைவிடக் கார் அழகாக விழுந்தது.

"பேரை மாத்திக்குங்க, பாக் ஹாஜி," என்று போய் மரியாதையாகவே கேட்டாள்.

"வரி ஏறிடுமே! பொறுமையா இரு வார்சினா, அல்லா பார்த்துப்பான்."

செவ்வாய்க்கிழமை காலை. வழக்கம்போல இன்ஜினைச் சூடேற விட்டுவிட்டு உள்ளே போய்க் காப்பி குடித்து வந்த ஹாஜி, பின் சீட்டில் சுகிமான் தலையணையோடு சாய்ந்திருப்பதைக் கண்டார். பக்கத்தில் வார்சினா.

"என்ன இது?"

"என் கார்ல என் புருஷன். கவர்மென்டே சொல்லிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு விடுங்க. பில்லு கட்டணும், பர்ஸ மறந்துடாதீங்க."

"விளையாடறியா?"

"அப்ப காரை வித்துட்டேன்னு பதிவு ஆபீஸ்ல சொல்லிடறேன். அப்புறம் உங்க பேருக்கு மாத்தாம வரியே கட்ட முடியாது, வரி கட்டாத காரை ரோட்டுல ஓட்டவும் முடியாது."

சந்து முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. ஹாஜி ஓட்டினார். ஆஸ்பத்திரி பில்லைப் பார்த்ததும் வரி அவருக்கு மிகவும் சின்னதாகத் தெரிந்தது. மறுநாளே பெயரை மாற்றினார்.

வார்டு அலுவலகத்துப் பெண்ணுக்கு மகிழ்ச்சி. "மறுபடி ஏழையாயிட்டீங்க இபு! ஆனா சிஸ்டத்துல ஏற மூணு மாசம் ஆகும்."

வார்சினா சூடான தெம்பேயைப் பொட்டலம் கட்டிக்கொண்டு ஹாஜி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"வெள்ளிக்கிழமையும் இன்ஜினைச் சூடு பண்ணி வைங்க, பாக் ஹாஜி. நான் இன்னும் பணக்காரிதானாம்."