பேட்டரிக்குப் பொட்டு

இளமதிக்கும் அவள் மாமியார் ஆண்டாளம்மாளுக்கும் இருந்தது ஒரே ஒரு சண்டைதான். ஆனால் அது இரண்டு வருஷமாக ஓய்ந்தபாடில்லை. மரம் அறுக்கும் பேட்டரி மிஷின் ஒன்றை இளமதி வாங்கிவந்த அன்றைக்கு ஆரம்பித்தது. "ஊர்ல ஆம்பளைங்களுக்குப் பஞ்சமா? பொம்பள மிஷின தூக்கினு மரம் வெட்டப் போவணுமா?" என்று கேட்ட ஆண்டாளம்மாள், அதற்கப்புறம் அந்த மிஷினை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

இளமதி சளைத்தவளா என்ன! கணவன் சுகுமார் கம்பெனியில் ஷிப்ட் வேலைக்குப் போய்விடுவான். இவள் கழனி வேலை முடித்து, பெருநகர் சுற்றுவட்டாரத்தில் யார் கூப்பிட்டாலும் மிஷினோடு வண்டியில் கிளம்பிவிடுவாள். ஓட்டின்மேல் சாய்ந்த வேப்பங்கிளை, காற்றில் முறிந்த முருங்கை, எதுவானாலும் சரி. திரும்பி வந்ததும் முதலில் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் செயினில் கை வைப்பாள். மரத்தூளைத் தட்டி, உருண்டை அரத்தால் பல் பல்லாகத் தீட்டி, தளர்ந்திருந்தால் முறுக்கி, எண்ணெய் ஊற்றி வைப்பாள். பேட்டரி சூடாக இருந்தால் ஆறும்வரை சார்ஜில் போடமாட்டாள். போட்டாலும் வெறும் சிமெண்டுத் தரையில்தான். பக்கத்தில் சாக்கு, துணி, வைக்கோல் எதுவும் ஆகாது. ஆள் முழித்திருக்க வேண்டும்.

"இன்னாடி, கைக்கொயந்த மாரி பாத்துக்கினு கீற!" என்று சுகுமார் கேலி செய்வான். அவள் சட்டை பண்ணமாட்டாள்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பொரியும் பூசணிக்காயும் வாங்க உத்திரமேரூர் போய்விட்டு வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், மருந்தடிக்கும் ஸ்பிரேயர் எல்லாம் கூடத்தில் வரிசையாக இருந்தன. நட்டநடுவில், சாமந்தி மாலையோடு அவளுடைய மிஷின்! மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் ஆண்டாளம்மாள். இளமதி செய்வதை ஓரக்கண்ணால் பார்த்தே வந்திருப்பாள் போலும், பேட்டரியைத் தனியே கழற்றி அதையும் வாளியில் முக்கிக் கழுவியிருந்தாள். மிஷினோடு பொருந்தும் தகடுகள் இருக்கும் இடுக்கில்கூட ஈரச் சந்தனம் அப்பி, மேலே குங்குமம்.

"இன்னா அப்டி பாக்கற? ரெண்டு வருசமா நம்ம வூட்டுக்கு சோறு போட்டுக்கினு கீது. அதுக்கு மட்டும் பொட்டு வெக்காம வுட்டா நல்லாவா கீது?"

பேட்டரி போச்சு என்று இளமதிக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனால் இரண்டு வருஷமாக எதிர்பார்த்த ஒரு வார்த்தை அப்போதுதான் கிடைத்திருக்கிறது. அதை எப்படிக் கெடுப்பது? கண் கலங்கியது. கற்பூரம் ஏற்றினாள், கும்பிட்டாள், வாயைத் திறக்கவில்லை. நாளைக்குக் கடைக்காரரிடம் காட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அசட்டுத்தனம்தான், வேறென்ன சொல்வது!

அன்று சாயங்காலம் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டன. விடிந்ததும் அடுத்த தெரு கோவிந்தம்மாள் ஓடிவந்தாள். மாட்டுக்கொட்டகைமேல் வேப்பங்கிளை முறிந்து தொங்குகிறதாம். இளமதி அவளோடு போய் மாடுகளை வெளியே ஓட்டிக் கட்டிவிட்டு வீடு திரும்பினாள். நுழையும்போதே பிளாஸ்டிக் கருகும் வாடை அடித்தது.

சார்ஜரில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. அதில் பேட்டரி. பக்கத்தில் ஆண்டாளம்மாள் காவல் உட்கார்ந்திருந்தாள்.

"நீ வேலைக்குப் போவணுமேன்னு நானே சார்ஜ் போட்டேன்."

"அத்தே, எய்ந்துருங்க! வெளிய போங்க!"

சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கினாள் இளமதி. சார்ஜரோடு சேர்த்து மண்வெட்டியில் ஏந்தி, தோட்டத்தில் வைக்கோல் போருக்கு எட்டாத வெட்டவெளி மண்ணில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். சற்று நேரத்தில் பேட்டரி உப்பியது. சீறிக்கொண்டு புகை கிளம்பியது, பிறகு குப்பென்று தீ. இருவரும் தள்ளி நின்று பார்த்தார்கள்.

"நான் இன்னாமே பண்ணேன்?"

"தண்ணி பூந்துடுச்சி அத்தே. சந்தனமும் குங்குமமும் தகடுல போயிடுச்சி. எனக்கு நேத்தே தெரியும். மொத மொதல்ல எம் மிஷினுக்குப் பொட்டு வெச்சீங்க, அதான் சொல்ல மனசு வரல."

அழுவாள் என்று பார்த்தால், ஆண்டாளம்மாளுக்கு வந்ததே கோபம்!

"தெரிஞ்சிக்கினே கம்முனு இருந்தியா? எம் மனசு நோவும்னு வூட்ட எரிய வுடுவியா? நாலு திட்டு திட்டினா நான் இன்னா தேஞ்சா பூடுவேன்? என்ன வேத்து மனுசின்னு நெனச்சிக்கினியா?"

அதற்குள் கோவிந்தம்மாள் வந்து நின்றாள். புகையைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "பேட்டரி பூட்ச்சா? அப்போ பெட்ரோல் மிஷின்காரன வரச் சொல்லிக்கிறேன். அவன்தான் இதுக்கு லாயக்கு."

"எவனையும் கூப்புடாத. எம் மருமவ வருவா," என்றாள் ஆண்டாளம்மாள். உள்ளே போய்ப் பரணிலிருந்து இரண்டு பேர் பிடித்து இழுக்கும் ரம்பத்தை இறக்கினாள். "ஒரு பக்கம் நான் புடிக்கிறேன். எங்க அறுக்கணும், எப்டி அறுக்கணும்னு நீ சொல்லு."

கொட்டகைக்குப் போனார்கள். கிளை விழாமல் மூங்கிலை முட்டுக் கொடுத்து, முதலில் அடிப்பக்கம் கொஞ்சம் அறுக்கச் சொன்னாள் இளமதி. பிறகு மேலிருந்து. ரம்பம் பாதி இறங்கியது. ஆண்டாளம்மாள் ஆர்வம் தாங்காமல் பலமாக இழுக்க, மூங்கில் நகர்ந்தது.

"நிறுத்துங்க அத்தே! சொன்னா கேக்கமாட்டீங்களா? தலைல வுயும், பின்னாடி போங்க!"

தெருவே திரும்பிப் பார்த்தது. ஆண்டாளம்மாள் மறுபேச்சில்லாமல் பின்னால் நகர்ந்து நின்றாள். கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தியா, எம் மருமவ என்னயே திட்றா!"