வோட்டுவாலேவில் திறந்த பிரெஞ்சு மது

ஆட்சி கவிழ்ந்த அந்த மாதங்களில் பிஜியில் அரிசியைவிட மலிவாகக் கிடைத்தது வதந்தி. ஆகவே நான் கண்டதையும் கேட்டதையும் பயணச்சீட்டில் அச்சிட்டிருந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, சுவாவிலிருந்து நாண்டி செல்லும் பேருந்தில் விமலாவும் நானும் ஏறினோம். தொலைவு ஏறத்தாழ நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். கட்டணம் தலைக்குப் பத்து டாலர். சுவாவின் சமபுலாப் பகுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்தவர்கள் நாங்கள். நான் மதுரையிலிருந்து வந்தவள். அவள் அம்மண்ணில் நான்காம் தலைமுறை. பட்டம் பெற அவளுக்கு ஒரு பருவமே எஞ்சியிருந்தது. ஆனால் மறுநாள் பெற்றோருடன் ஆக்லாந்துக்குக் குடிபெயர அவளுக்கும் விமானச்சீட்டு எடுத்தாகிவிட்டது.

என் மடியில் ஒரு புட்டி பிரெஞ்சுச் சிவப்பு மது இருந்தது. ரோன் ஆற்றுப் பகுதியில் வடித்தது. விலை பதினான்கு டாலர் எழுபத்தைந்து சென்ட். இரண்டு வாரம் மதியத்தில் வெறும் ரொட்டி தின்று வாங்கினோம். அவள் பட்டம் பெறும் நாளில் திறப்பதாக இருந்தோம்.

நாவுவா ஊரைத் தாண்டியதும் வந்த சோதனைச்சாவடியில் சிப்பாய் ஒருவன் புட்டியைத் தூக்கிப் பார்த்தான். "யாருக்கு?"

"அப்பாவுக்கு," என்றாள் விமலா, கூசாமல்.

பிற்பகல் ஒரு மணிக்கு, நாண்டியை அடுத்த வோட்டுவாலேவில் அவள் வீடு. அவள் தந்தை பாயில் அமர்ந்து, விருந்தாளிகளுக்குக் குடிக்கக் கொடுக்கும் யங்கோனா வேரைக் கரைக்கும் மரத்தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெறுங்கையோடு விருந்துக்குப் போகாத எங்கள் ஊர் வழக்கப்படி, இரு கைகளாலும் புட்டியை அவர்முன் வைத்தேன்.

"என்ன கேக்க வந்தே பாப்பா?"

"ஒண்ணுமில்லீங்க, சும்மாதான்."

"இந்த ஊருல சும்மா யாரும் வைக்கமாட்டாங்க. வச்சா, கேக்கணும். நான் குடிச்சா, குடுத்த மாதிரி."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி சிரித்தார். "கேளு பாப்பா, பெருசா கேளு! ஆளு சிக்கிட்டாரு!"

விமலா என்னையே பார்த்தாள்.

"அவ படிப்பை முடிச்சிட்டு வரட்டுமே. ஒரு பருவம்தான்," என்றேன்.

"ரோட்டுல துப்பாக்கி நிக்குது. வுட்டுட்டு எப்படிப் போறது?"

அவர் மதுவைத் தொட்டியில் கவிழ்த்து, வேர்ப்பொடிக்கு ஊற்றுவதுபோல் ஒரு செம்பு நீரையும் ஊற்றினார்.

"அப்பா! தண்ணி ஊத்தக்கூடாது!"

"ஊத்தாம எப்படிக் குடிக்கிறது? பைத்தியம்."

முதல் சிரட்டை விருந்தாளிக்கு. நாவற்பழச் சாயம், மெல்லிய துவர்ப்பு, மிளகின் நிழல்போல் ஒரு காரம், அடியில் மரத்தொட்டியில் ஊறிய வேரின் மண்வாசம். வியப்புதான், நன்றாகவே இருந்தது. அடுத்து விமலாவும் குடித்தாள்.

அவர் தம் சிரட்டையை வெகுநேரம் கையில் வைத்திருந்தார். பிறகு யங்கோனா குடிக்கும் முறைப்படி ஒருமுறை கைதட்டி, ஒரே மூச்சில் குடித்து, மும்முறை தட்டினார்.

"புளிப்பு," என்றார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி, விமான நிலையம். வண்டியிலிருந்து அவள் தந்தை நான்கு பெட்டிகளை இறக்கினார். மூன்றைத் தள்ளுவண்டியில் ஏற்றினார். விமலாவுடைய நான்காவதை என் காலருகே வைத்துவிட்டு மகளிடம் சொன்னார்: "கதவைப் பூட்டிக்கிட்டுப் படு."

சுவாவுக்கு இரண்டு சீட்டு எடுத்தோம். அவர் கொடுத்தனுப்பிய மரத்தொட்டி விமலாவின் மடியில் வந்தது.

அவர் முன்பே முடிவு செய்திருந்தாரா, அந்தச் சிரட்டைக்குப் பின் செய்தாரா என்பது எனக்குத் தெரியாது. விமலாவும் கேட்கவில்லை.