மூன்று இடத்திலும் முத்தம்மா அக்கா

இதை எழுதப் பல வருடம் கூசினேன்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா மலருக்கு நான்தான் வரலாறு எழுதினேன். அதில் மூன்று கதைகள் கொழுந்து பறிக்கும் முத்தம்மா அக்கா சொன்னவை. அடிக்குறிப்பில் அவர் பெயரை முதல் கதைக்கு மட்டும் போட்டேன். மற்ற இரண்டும் என்னுடையவை போல நின்றன.

பெல்மதுளை டவுனில் அதை டைப் செய்த சிங்களப் பிள்ளை, "இந்த ரெண்டும் யார் சொன்னது, அங்கிள்?" என்றாள்.

மேசையில் அட்டைக்கான அம்மன் படம். பொய் வரவில்லை.

"அதே அக்காதான். திரும்பத் திரும்பப் போட்டா பக்கம் நெறஞ்சிடும், மகள்."

"குறிப்பு ஒண்ணு போதும். அதே நம்பர மூணு எடத்துலயும் போடலாம்," என்று போட்டுக் காட்டினாள்.

திருவிழாவன்று, எழுத்துத் தெரியாத அக்காவுக்கு அந்த மூன்று ‘1’களையும் காட்டி, மூன்றும் அவர் பெயரைத்தான் குறிக்கின்றன என்றேன்.

"மூணும் நானா? அப்ப நீ என்னதான்டா எழுதுன, தம்பி?"

கோயிலே சிரித்தது; நான்தான் அதிகம் சிரித்தேன். நெஞ்சு அவ்வளவு லேசாகியிருந்தது.

இதை யாரிடம் சொன்னாலும் மாற்றாமல், அக்கா பெயரோடு சொல்லுங்கள்.