முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று

எங்கள் பழைய அமெரிக்க பிக்கப்புக்குப் பதிவுப் புத்தகத்தில் எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். வண்டியை இழுத்ததோ நான்கு சிலிண்டர் ஜப்பான் டீசல். ரங்கூனில் பெட்ரோல் கிடைக்காத காலம். எஞ்சின் நம்பர் ஒத்துப்போகாவிட்டால் அந்த வருடம் லைசென்ஸ் கிடையாது.

"பழைய எஞ்சினப் பின்னால ஏத்திக்கிட்டுப் போ தம்பி, நம்பரக் காட்டு," என்றார் இன்சீன் பேட்டை மெக்கானிக்.

லைசென்ஸ் அலுவலகத்தில் அதிகாரி வண்டியின் பின்புறம் எட்டிப் பார்த்துப் பர்மியில் கேட்டார்: "என்ன சரக்கு?"

"எஞ்சின், சயா," என்றேன் மரியாதையாக.

"அப்ப முன்னால இருக்கிறது?"

"அதுவும் எஞ்சின்தான்."

"எதுய்யா இந்த வண்டியோடது?"

எனக்கே தெரியவில்லை. வண்டியோடு பிறந்தது பின்னால் செத்துக் கிடக்க, நேற்று வந்தது முன்னால் உறுமிக்கொண்டிருந்தது. அவர் சிரித்தபடி செத்ததன் நம்பரைக் குறித்து முத்திரை குத்தினார். திரும்பும்போது பாலத்து ஏற்றத்தில் சின்னது மூச்சுமுட்டப் பெரியதை இழுத்தது. லைசென்ஸ் இரண்டில் எதற்குக் கிடைத்ததென்று எனக்கு இன்னும் குழப்பம்.